மஞ்சள் குழாய்க்குள் ஒரு சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்க்குள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். தரையிலிருந்து ஒரு மாடி உயரம். தலையும் தோளும் வளைவைத் தாண்டிவிட்டன. இடுப்பு தாண்டவில்லை. என் சாக்ஸின் ஓட்டை வழியே வெளியே தெரிந்த கட்டைவிரலைப் பின்னாலிருந்து ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூவ், மிஸ்டர்!"

நகர முடிந்தால் நகர மாட்டேனா?

குழாய்க்குள் ஒரு வாசனை. ஈர சாக்ஸ், பழைய பீட்ஸா, அதையெல்லாம் மறைப்பதற்காக யாரோ அடித்த எலுமிச்சை மருந்து. அந்த நேரம் பார்த்து என் பெல்ட்டில் மாட்டியிருந்த பேஜர் கிர்ரென்று அதிர்ந்தது. ஆபீஸில் ஏதோ ஒரு புரோகிராம் படுத்துவிட்டது என்று அர்த்தம். நானும்தான் படுத்துக் கிடக்கிறேன் என்று யாரிடம் சொல்வது?

ஒரு ஆண்மகன், என்ஜினீயரிங் படித்தவன், பெருந்துறைப் பக்கத்தில் ஓரளவு மரியாதை உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவன், இப்படி ஒரு குழாயில் போய்ச் சொருகிக்கொண்டது எப்படி என்று கேட்டால், நியூஜெர்சியின் குளிர்காலத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கீழ்வீட்டு விளக்குமாறு

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எடிசன் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் மாடி வீடு. நான், மனைவி பூங்கொடி, ஆறு வயது மகன் கௌதம், மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகள் காவ்யா.

எனக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் வேலை. பூங்கொடிக்கு ஆஸ்பத்திரி லேபில் சனி, ஞாயிறு ஷிப்ட். காவ்யாவை டேகேரில் விட எங்கள் இருவருக்கும் மனசில்லை. அதனால் இந்த ஏற்பாடு. வாரத்தில் ஒரு முழுநாள்கூடப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீட்டில் இருந்ததில்லை. வெள்ளி சாயங்காலம் நான் கோட்டைக் கழற்றினால், சனி காலையில் அவள் மாட்டிக்கொள்வாள்.

அமெரிக்காவில் வீடுகளை மரத்தில் கட்டுகிறார்கள். நம் ஊரில் மாட்டுக்கொட்டகைக்குப் போடும் தரைகூட இதைவிடக் கெட்டி. கௌதம் சோபாவிலிருந்து குதித்தால் கீழ்வீட்டில் விளக்கு ஆடும். கீழ்வீட்டிலோ ராத்திரியெல்லாம் டிரக் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கும் ஒரு பெரிய மனிதர். அவர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பார். கௌதமுக்கு அது ஒரு பரம சந்தோஷம். அவர் ரெண்டு இடி இடித்தால் இவன் ரெண்டு குதி குதிப்பான்.

ஒரு சனிக்கிழமை அவரே மாடியேறி வந்துவிட்டார். கட்டம்போட்ட பைஜாமா, சிவந்த கண். சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். "ஐ ஜஸ்ட் நீட் டு ஸ்லீப், மேன்" என்றார், கெஞ்சுகிற குரலில்.

திட்டியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்போம். கெஞ்சிவிட்டாரே! அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வெளியே கிளம்பவேண்டியதாயிற்று.

ஹீட்டர் இருக்கும் இடமெல்லாம் கோயில்

வெளியே என்றால் நிஜமான வெளியே இல்லை. ஜனவரியில் நியூஜெர்சியின் வெளியே மனிதருக்கானதல்ல. ஒரு உள்ளிலிருந்து இன்னொரு உள்ளுக்குப் போவதற்குப் பெயர்தான் அங்கே வெளியே போவது.

கிளம்புவதே ஒரு யுத்தம். ரெண்டு ஸ்வெட்டர், தலையோடு காலாக மூடும் பனி உடுப்பு, தொப்பி, கையுறை, பூட்ஸ். எல்லாவற்றையும் மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, கார் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் கௌதம் சொல்வான்: "அப்பா, ஐ நீட் டு கோ பாத்ரூம்."

முதலில் மாலுக்குப் போனோம். மாலில் எஸ்கலேட்டர் உண்டு. ஒரு காலைப்பொழுதை ஏறி இறங்கியே ஓட்டினோம். செக்யூரிட்டிக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் முறைத்தார், கடைசியில் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

பிறகு செல்லப்பிராணிகள் விற்கும் கடை. அதுதான் எங்களுக்கு இலவச மிருகக்காட்சி சாலை. அங்கே ஒரு பச்சைக்கிளி எங்களைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொள்ளும். பர்னிச்சர் கடைக்குப் போனால் ஒவ்வொரு கட்டிலிலும் படுத்துப் பார்க்கலாம். கௌதம் ஒருமுறை அங்கே நிஜமாகவே தூங்கிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்த நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விற்பனைக்கார அம்மாள் எழுப்பி, "சோ, யூ லைக் இட்?" என்றார்.

ஒன்றுமே தோன்றாத நாட்களில் கார் வாஷ். காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, ராட்சச பிரஷ்கள் வந்து உறுமும், கண்ணாடியெல்லாம் சோப்பு நுரை வழியும். காவ்யா சீட்டில் கட்டுண்டபடி இரண்டு கைகளையும் தூக்கிக் குலுக்குவாள். பனி உருக ரோட்டில் தெளித்த உப்பெல்லாம் காரிலிருந்து கரைந்து ஓடும். வெளியே வந்த அரைமணி நேரத்தில் கார் மறுபடியும் வெள்ளையாகிவிடும் என்பது வேறு விஷயம்.

கோயிலையும் விடவில்லை. என் பக்தி குளிர்காலத்தில்தான் பெருகும். கோயிலில் ஹீட்டரும் உண்டு, புளியோதரையும் உண்டு. பிள்ளைகள் ஓடினால் கீழே இடிப்பதற்கு ஆள் கிடையாது. ஆனால் அங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள். அதுதான் தொந்தரவு.

"பொண்ணு இன்னும் பேச ஆரம்பிக்கலையா?" என்று சென்னைக்கார ஆன்ட்டி ஒருவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "என் பையன் ஒன்றரை வயசுலயே ஏபிசிடி ஃபுல்லா சொல்லுவான். டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

காட்டியிருந்தோம்.

ஒன்லி இங்கிலீஷ்

காவ்யாவுக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது, சோதித்துப் பார்த்தார்கள். சொன்னது புரியும், சிரிப்பாள், கையைப் பிடித்து இழுத்துப்போய் வேண்டியதைக் காட்டுவாள். ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா இல்லை, அப்பா இல்லை.

டாக்டர் நல்ல மனிதர், நரைத்த தலை, டையில் டெடி பேர் படம். அந்தக் காலத்தில் பலரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். இரண்டு மொழி குழந்தையைக் குழப்புகிறது, வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், அது இங்கிலீஷாக இருக்கட்டும், இன்னும் சில மாதம் பார்த்துவிட்டு மேற்கொண்டு பரிசோதனைகள் செய்யலாம். அந்த "மேற்கொண்டு" என்ற சொல்லில் பூங்கொடியின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து காவ்யா காதுபட எங்கள் வீட்டில் தமிழுக்குத் தடை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ். "காவ்யா, ப்ளீஸ் பி இன்ஃபார்ம்ட், இட் இஸ் பாத் டைம்" என்பேன். கௌதம் தலையில் அடித்துக்கொள்வான். "அப்பா, நோபடி டாக்ஸ் லைக் தட்!"

பூங்கொடி பாடு என்னைவிட மோசம். லேபில் யாரோ ஒருவரின் ரத்தத்தைப் பற்றி இங்கிலீஷில் நாளெல்லாம் பேசுவாள். சொந்த ரத்தத்தைக் கொஞ்சுவதற்கு அந்த இங்கிலீஷ் உதவவில்லை. முன்பெல்லாம் காவ்யாவைக் குளிப்பாட்டும்போது பாத்ரூமிலிருந்து ஒரே சத்தமாக இருக்கும். "என்ற சாமி, என்ற தங்கம், கண்ண மூடிக்க, தண்ணி ஊத்தறம் பாரு, அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்று சந்தையில் நிற்பவள் மாதிரி பேசிக்கொண்டே இருப்பாள்.

தடைக்குப் பிறகு, "க்ளோஸ் யுவர் ஐஸ்" என்று ஒரு குரல் கேட்கும். அப்புறம் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும்.

குழந்தைக்குப் பேச்சு வரவேண்டுமென்று வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டோம். காவ்யாவும் முன்னைவிட அமைதியாகிவிட்டாள். முன்பு ஏதாவது முனகிக்கொண்டிருப்பாள், அதுவும் நின்றது. சில நாட்களில் பூங்கொடி துணி துவைக்கும் அறைக்குப் போய்விட்டு ரொம்ப நேரம் கழித்து வருவாள். கண் சிவந்திருக்கும். "டிடர்ஜென்ட் ஒத்துக்க மாட்டீங்குதுங்க" என்பாள். நானும் வேறு டிடர்ஜென்ட் வாங்கி வந்து வைத்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

வளைவு

இனி குழாய்க்கு வருகிறேன்.

ஒரு பழைய கிடங்கை எடுத்துக் குழந்தைகள் விளையாடும் இடமாக மாற்றியிருந்தார்கள். தரையிலிருந்து கூரைவரை வலை, ஏணி, குழாய், சறுக்குமரம், முழங்கால் ஆழத்துக்குக் கலர் பந்துகள். கௌதம் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினான். நான் ஒரு பேப்பர் கப்பில் காபியோடு உட்கார்ந்தேன். காபி என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

சற்று நேரத்தில் கௌதம் மட்டும் சறுக்கிக்கொண்டு வந்தான்.

"பாப்பா எங்கடா?"

"ஷீ இஸ் அப் தேர். ஷீ டஸ்ன்ட் வான்ட் டு கம்."

அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் கண்ணாடிக் குமிழி மாதிரி ஒன்று இருந்தது. அதற்குள் காவ்யா. மூக்கைப் பிளாஸ்டிக்கில் அழுத்திக்கொண்டு கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேறெந்தக் குழந்தையாக இருந்தாலும் இந்நேரம் கூரை பிய்ந்திருக்கும். இவள் பயந்தால்கூட எனக்குச் சொல்ல மாட்டாள், சொல்ல வார்த்தை இல்லை.

"காவ்யா, கம் டவுன் ப்ளீஸ்!" என்று கத்தினேன். "பாப்பா, கம் டு அப்பா! ஸ்லைட்! ஸ்லைட்!"

பார்த்தாள். அசையவில்லை.

விசில் மாட்டிக்கொண்டு நின்ற பையனிடம் போனேன். அவன் என்னையும் என் வயிற்றையும் ஒருமுறை அளந்துவிட்டு, "யூ கேன் கோ அப், சார். ஜஸ்ட் டேக் ஆஃப் யுவர் ஷூஸ்" என்றான். அனுமதி கொடுத்தானா, பரிதாபப்பட்டானா என்று தெரியவில்லை.

போனேன். வலை ஏணியில் ஏறும்வரை சரி. நாற்காலி உயர மெத்தைகளைத் தாண்டும்போது மூச்சு வாங்கியது. பிறகு குழாய். நேராக இருந்தவரைக்கும் உடும்பு மாதிரி ஊர்ந்துவிட்டேன். வளைவில்தான் பேஜர் எதிலோ சிக்கிக்கொண்டது. முன்னால் போனால் பேண்ட் வராது. பின்னால் போக விடாமல் பின்னால் ஒரு குழந்தைப் பட்டாளம்.

"மூவ், மிஸ்டர்! மூவ்!"

குழாயின் மறுகோடியில், குமிழியின் வாசலில், காவ்யாவின் முகம் தெரிந்தது. "காவ்யா, டோன்ட் வொரி, அப்பா இஸ்..." என்று ஆரம்பித்தேன். அப்பா என்னவாக இருக்கிறான் என்று இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. பேஜர் மறுபடி அதிர்ந்தது. கட்டைவிரலை யாரோ கடித்தே விட்டார்கள்.

"அட கெரகமே!" என்று கத்திவிட்டேன். "எங்க கொண்டாந்து மாட்டி உட்டிருக்குது பாரு, கெரகம்!"

குழாய் முழுக்க அது எதிரொலித்தது. எங்கள் கொங்குப் பக்கத்தில் மாடு முட்டினாலும், மோட்டார் ஓடாவிட்டாலும், மாமனார் வந்து பத்து நாள் தங்கினாலும் சொல்லக்கூடிய வார்த்தை அது. கெட்ட வார்த்தையில்லை. நல்ல வார்த்தை என்றும் சொல்லமாட்டேன்.

காவ்யா என்னைப் பார்த்தாள். என் முகம் அந்த நேரம் எப்படி இருந்ததோ, அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, சாவகாசமாக, தெளிவாகச் சொன்னாள்.

"கெரகம்."

நான் ஊர்வதை நிறுத்தினேன்.

"என்ன சாமி சொன்ன?"

"கெரகம்!" இப்போது உரக்க. குழாய் அதைத் திருப்பிச் சொன்னது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. "கெரகம்! கெரகம்!"

பின்னாலிருந்த பட்டாளத்துக்கு அர்த்தம் வேண்டியிருக்கவில்லை. "கெரகம்! கெரகம்!" என்று ஏழெட்டு அமெரிக்கக் குழந்தைகள் குழாயைத் தட்டிக்கொண்டு கூவ ஆரம்பித்தன. பேஜரைப் பெல்ட்டிலிருந்து எப்படியோ பிடுங்கி எறிந்துவிட்டு, குமிழிக்குள் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். முகம் பூராவும் வியர்வை. வியர்வை மட்டும்தான் என்று பிறகு கௌதமிடம் சொன்னேன்.

அவளை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் இறங்கிப் பந்துகளுக்குள் விழுந்தோம்.

ஃபோன்

அங்கேயே வாசலில் பே ஃபோன் இருந்தது. லேபுக்கு அடித்தேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே கிடையாது.

"என்னாச்சுங்க? யாருக்கு அடிபட்டுச்சு?" என்றாள் பூங்கொடி.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. காவ்யா பேசிப்போட்டா."

மறுமுனையில் ஏதோ மெஷினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க சொன்னா? அம்மான்னு சொன்னாளா?"

"நீயே கேளு" என்று ரிசீவரைக் காவ்யாவின் காதில் வைத்தேன். அவள் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஹலோ, பேபி. திஸ் இஸ் மம்மி" என்றாள் பூங்கொடி. எனக்கே கேட்டது. "கேன் யூ டாக் டு மம்மி?"

காவ்யா ஃபோன் ஒயரைத் திருகினாள்.

பிறகு பூங்கொடியின் குரல் உடைந்தது. "சாமி... அம்மா பேசறஞ் சாமி... ஒருக்கா பேசு தங்கம்... என்ற கண்ணல்ல..."

காவ்யா நிமிர்ந்தாள்.

"கெரகம்" என்றாள்.

ரிசீவரை வாங்கி என் காதில் வைத்தேன். "கொடி, அது வந்து, நான் குழாயில மாட்டிக்கிட்டனா, அப்ப..."

"நீங்க கம்முன்னு இருங்க" என்றாள். "புள்ளைய இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பு

அன்று சாயங்காலம் பூங்கொடி கோட்டைக்கூடக் கழற்றாமல் கார்பெட்டில் உட்கார்ந்து காவ்யாவிடம் தமிழில் பேச ஆரம்பித்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. இங்கிலீஷ் சட்டத்தை ரத்து செய்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. குளியலறைச் சத்தம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

காவ்யாவிடம் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி. பூவா. வேண்டாம். ஒரு நாள் என்னைப் பார்த்து, அப்பா. ஆனால் பூங்கொடியை மட்டும் அவள் கெரகம் என்றே கூப்பிட்டாள். தூங்கி எழுந்ததும், "கெரகம்!" என்று ஒரு கூப்பாடு. "ஏஞ் சாமி, வந்துட்டேன்" என்று பூங்கொடி அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் ஒருதரம் வாய்தவறி அந்த வார்த்தையைச் சொன்னதற்கு ஒரு வாரம் பேசாமலிருந்தவள் அவள்.

கோயிலுக்குப் போனோம். நவக்கிரகங்களைச் சுற்றிவரும்போது காவ்யா அம்மாவைத் தேடி, அந்த மண்டபமே அதிர, "கெரகம்! கெரகம்!" என்று கூவினாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. குருக்களோ பூரித்துப் போனார்.

"குழந்தைக்கு இந்த வயசுலயே என்ன ஞானம் பாருங்கோ! நவக்கிரகம்னு புரிஞ்சுண்டு சொல்றா!"

கைநிறையக் கல்கண்டு கொடுத்தார். சென்னைக்கார ஆன்ட்டியின் முகம் அன்று பார்க்க நன்றாக இருந்தது.

பனி விடுவதற்கு முன்பே டாக்டரிடம் போகும் நாள் வந்தது. டெடி பேர் டைக்காரர் முகம் மலர்ந்தார். முதல் வார்த்தை என்ன என்று கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தை ஆராய ஆரம்பித்தேன்.

"கெரகம்" என்றாள் பூங்கொடி.

"அண்ட் வாட் டஸ் தட் மீன்?"

"பிளானட், டாக்டர்." அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"பிளானட்!" என்றார் அவர். அவருடைய இத்தனை வருட வைத்தியத்தில் எந்தக் குழந்தைக்கும் அது முதல் வார்த்தையாக இருந்ததில்லையாம். எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு காவ்யாவோடு பந்து உருட்டினார், படங்களைக் காட்டினார், அவள் தண்ணி என்றும் வேண்டாம் என்றும் சொன்னதைக் கவனித்தார். மேற்கொண்டு பரிசோதனை எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை என்றார்.

"வீட்டில் இங்கிலீஷ்தானே பேசுகிறீர்கள்?" என்று கடைசியாக, தான் எழுதிவைத்த கெரகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எஸ், டாக்டர்" என்றாள் பூங்கொடி. "ஒன்லி இங்கிலீஷ்."

பார்க்கிங் லாட்டுக்கு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. கார்க் கதவில் சாவியை நுழைத்தவள் அப்படியே நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "பிளானட்டுங்க" என்றாள். மறுபடி சிரித்தாள். காரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வாயிலிருந்து ஆவி பறக்கச் சிரித்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதிலும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். சாவியை யாரும் திருப்பவில்லை.

காவ்யா கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையுறை மாட்டிய கையால் பூங்கொடியின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா" என்றாள், "குளிருது."